கொசுறுக்குக் காப்புரிமை

காய் வாங்குவோருக்குக் கொசுறு கொடுக்கும் முறைக்கு எங்கள் கம்பெனி காப்புரிமை பெற்றிருந்தது. உரிமம் இல்லாமல் கொடுத்தால் கடைக்காரரின் தராசு பூட்டிக்கொள்ளும். அதைக் கண்காணிக்கத்தான் நான் சந்தைக்குப் போனேன்.

பேச்சித்தாய் ஒரு பெண்ணுக்குக் கத்தரிக்காய் நிறுத்துப் போட்டார். பழக்கத்தில் கறிவேப்பிலைக்குப் போன கையைச் சட்டென்று மடக்கிக்கொண்டார்.

பக்கத்துக் கடை மரியசெல்வம் எழுந்து வந்து, அந்தப் பெண்ணின் பையில் ஒரு கொத்து கறிவேப்பிலையைப் போட்டார்.

"எங்கிட்ட நீ ஒண்ணுமே வாங்கலியே தாயி, அப்புறம் இது எப்படி யாவாரமாவும்?"

எந்தத் தராசும் பூட்டிக்கொள்ளவில்லை. மரியசெல்வத்திடம் வாங்கியவருக்குப் பேச்சித்தாய் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் சந்தை முழுக்கக் கைகள் குறுக்கும் நெடுக்குமாக நீண்டன. நான் மலைத்துப்போய் நின்றேன்.

அறிக்கை எழுத என் பையைத் திறந்தேன். உள்ளே, தண்ணீர் சொட்டச் சொட்ட, ஒரு கட்டு கொத்தமல்லி.