பத்தாவது எழுத்தின் மேல் பல்லி

கப்பலேறி வந்த சிவப்புக் கார் ஒன்று, விற்கும் இடத்தில் தன்னை நேற்றுப் பிறந்தவள் என்று சொல்லிக்கொண்டு நின்றதாம். அதன் முன் கண்ணாடிக்கு அடியில் பதினேழு எழுத்தில் ஒரு எண் இருந்தது. அதில் பத்தாவது எழுத்து, எந்த வருஷத்து வண்டி என்பதைப் போட்டுக் கொடுத்துவிடும்.

“யாராவது வந்தா அது மேல படுத்துக்கோடி. வயசு தெரிஞ்சா என்னை யாரு கூட்டிட்டுப் போவா?” என்று உள்ளே குடியிருந்த பல்லியிடம் கார் கெஞ்சியது.

“அதுக்கென்னக்கா” என்று பல்லியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்தது.

கார் வாங்க ஸ்டெல்லா டீச்சர் வந்தார். ஒன்று, இரண்டு என்று எழுத்தை எண்ணிக்கொண்டே போனவர், ஒன்பதுக்கு அப்புறம் பல்லியைக் கண்டு கண்ணாடியைத் தட்டினார். பல்லி பதறி ஓடியது. வால் மட்டும் அங்கேயே விழுந்து, பத்தாவது எழுத்தைச் சுற்றிச் சுற்றிக் குத்தாட்டம் போட்டது.

டீச்சருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. “எஃப். அப்போ இரண்டாயிரத்துப் பதினைந்து. என் ஸ்கூட்டருக்கு இது தங்கச்சிதான்” என்று விற்பவரிடம் சாவியைக் கேட்டார்.

வண்டி கிளம்பியதும், “இதுக்காகவா அக்கா என் வாலைக் கொடுத்தேன்?” என்றது பல்லி.

“வால் முளைச்சிடும்டி. அதுவரைக்கும் பழைய இடத்துலயே படுத்துக்கோ. டீச்சர் தெருவுல நாலு வண்டி பார்க்கும்ல.”