மருதப்பனின் குறடு

உள்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் திரும்பிய மருதப்பனின் கையில் குறடு இருந்தது.

பல் டாக்டர் இராசேஸ்வரி மேசைக்குப் பின்னால் நகர்ந்தாள். சனிக்கிழமை மதியம், தாதி வீட்டுக்குப் போயாயிற்று. வெளியே பேய் மழை. தொண்டை கிழியக் கத்தினாலும் சிராங்கூன் ரோட்டில் ஒரு காக்காய்கூடத் திரும்பாது.

கீழே அஞ்சடி நடைபாதையில் ஸ்டூல் போட்டுப் பல் பிடுங்குகிறவன் மருதப்பன். "வலிக்காது! எறும்பு கடிச்சாப்பலகூட வலிக்காது!" என்று அவன் கூவினால் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கப்பல் திரும்பிப் பார்க்கும். இதுவரை பிடுங்கியதைக் கொட்டினால் ரோட்டுக்கே தார் வேண்டாம்.

போன மாதம், அப்பம் விற்கும் கதீஜா அவன் ஸ்டூலில் உட்காரப்போன நேரத்தில், இராசேஸ்வரி அவளை மாடிக்கு இழுத்துவந்து பல்லைப் பிடுங்காமலே குணமாக்கிவிட்டாள். அன்று முதல் அவன் வாடிக்கையெல்லாம் மாடி ஏறியது. "அந்த யாழ்ப்பாணத்தம்மாவ ஒருநாள் கவனிச்சுக்கறேன்" என்று அவன் தேக்கா சந்தையில் போட்ட சபதமும் அவள் காதுக்கு வந்திருந்தது.

அந்த ஒருநாள் வந்துவிட்டது.

பாதி முகத்தைத் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தான். சன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினான்.

"நான் மேல வந்தத யாராச்சும் பார்த்தாங்களா?" கப்பலைத் திருப்பும் குரல் இன்று பல்லிடுக்கில் சீறியது.

"இ... இல்லை."

"கதீஜாவுக்கு வேர்லயும் சீழு, ஈறுலயும் சீழு. ரெண்டும் சேர்ந்த பல்லு நிக்காது லா! முப்பது வருசமா நான் சொல்றது. நீங்க நிக்கும்னீங்களாமே?"

உயிர்ப் பயம் ஒரு பக்கம், படித்த படிப்பு ஒரு பக்கம். படிப்பு முந்திக்கொண்டது. "நிக்கும். முதலில வேருக்குள்ள செத்த நரம்பை எடுத்துத் துப்புரவாக்க வேணும். பிறகு ஈறை. ரெண்டில ஒண்டை விட்டாலும் பல்லுத் தங்காது."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவன் நெருங்கினான். குறடு அவள் மூக்குக்கு நேரே உயர்ந்தது. இராசேஸ்வரி ஊரில் உள்ள அத்தனை சாமியையும் கூப்பிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

டங்!

குறடு மேசையில் விழுந்தது. நோயாளி நாற்காலி கிறீச்சிட்டது. கண்ணைத் திறந்தால், நாற்காலியில் மருதப்பன். அவிழ்ந்த துண்டுக்குள் தாடை பப்பாளிப் பழமாக வீங்கியிருந்தது.

"நாலு நாளா குறடும் கையுமா கண்ணாடி முன்னால நின்னு பார்த்துட்டேம்மா. மனசு வரல" என்றான் கண்ணீரோடு.

இராசேஸ்வரி மெல்ல அவன் தாடையைத் தொட்டாள். சடக்கென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பிடுங்கிடாதீங்க தாயி... வலிக்கும்!"