நாயகனுக்குப் பதிலாக

சண்டை வாத்தியார் துடுப்பைத் திருப்பிப் பிடித்து டூப்பின் விலாவில் ஓங்கிப் போட்டார்.

டூப் மணலில் மடங்கி விழுந்தான். வாத்தியார் அவன் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, இப்படித்தான் அடிக்க வேண்டும், மண்டையில் ஏறியதா என்று குப்பத்து ஆட்களைக் கேட்டார்.

அவர்கள் ஆளுக்கொரு துடுப்போடு நின்றபடி, தங்களுக்கு முன்னால் நின்ற தேசப்பனையே பார்த்தார்கள்.

படத்தின் கதையைக் காலையிலேயே அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நாயகன் பி.ஏ., நாயகியும் பி.ஏ. இரண்டு பேருக்கும் வேலை கிடையாது, காதலுக்கு மட்டும் குறைச்சல் இல்லை. வேலை தேடிப் பழவேற்காட்டுக்கு வரும் நாயகனைத் திருடன் என்று நினைத்து மீனவர்கள் அடித்துத் துவைக்கிறார்கள். நாயகி ஓடிவந்து காப்பாற்றுகிறாள்.

டச்சுக்காரர் கல்லறையில், எலும்புக்கூடு செதுக்கிய வாசலுக்கு முன்னால் படப்பிடிப்பு. அடி வாங்கும் வரைக்கும் டூப். அதற்குப் பிறகு முகம் தெரிய அழுவதற்கு நாயகன். அவர் குடை நிழலில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

காமிரா ஓடியது. துடுப்புகள் அசையவில்லை.

பிலிம் வீணானதில் இயக்குநர் வாத்தியாரை முறைத்தார். வாத்தியார் அந்தக் கோபத்தை டூப்பின் மேல் இறக்கினார். மறுபடியும் செய்து காட்டுகிறாராம். கன்னத்தில் ஒன்று, முழங்காலுக்குப் பின்னால் ஒன்று, குப்புற விழுந்தவன் இடுப்பில் ஒரு உதை. பி.ஏ. படித்தவன் விழுகிற லட்சணமா இது, கருவாட்டு மூட்டை மாதிரி விழுகிறாயே என்று வசவு வேறு.

டூப்பின் உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் சொட்டியது.

தேசப்பனுக்கு அந்த ஆளின் கழுத்தைத் திருகி ஏரிச் சேற்றில் புதைத்துவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் வாத்தியார் மேல் கை வைத்தால் டூப்பின் பிழைப்பில் மண் விழும். துடுப்பை ஓங்காமல் நின்றாலோ, செய்து காட்டுகிறேன் பேர்வழி என்று இவனை அடித்தே கொன்றுவிடுவார்கள்.

காலையில் டூப் வண்டியிலிருந்து இறங்கும்போதே குப்பத்து ஆட்கள் அத்தனை பேரும் அவனைப் பார்த்தார்கள். அவனும் அவர்களைப் பார்த்தான். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

மறுபடியும் காமிரா தயாரானது. டூப் தள்ளாடி வந்து, காமிராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தேசப்பனுக்கு எதிரே நின்றான். தலையைக் குனிந்தபடி அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"நீ மொத அடி போட்டாத்தான் மத்தவங்க கை வெப்பாங்க. போடு. இன்னொரு தபா அந்தாளு கையால வாங்க என்னால ஆவாது."

தேசப்பன் அடித்தார். தோள் எலும்பில் பட்ட அடி துடுப்பு வழியாக அவர் கைக்கே ஏறியது.

அவ்வளவுதான், எல்லாத் துடுப்புகளும் இறங்கின. அரைகுறையாக அடித்தால் இன்னொரு டேக் போகும், அது இவனுக்குத்தான் கேடு என்று எல்லோருக்கும் புரிந்திருந்தது. அதனால் நன்றாகவே அடித்தார்கள். ராஜவேலு கால்களில் போட்டான். தாமோதரன் அழுதுகொண்டே முதுகில் போட்டான்.

இயக்குநர் கட், கட் என்று கத்தினார். ஒருவரும் நிறுத்தவில்லை. தேசப்பன் துடுப்பைக் கீழே போட்ட பிறகுதான் நிறுத்தினார்கள்.

ஷாட் பிரமாதமாம். டூப்பை இழுத்து ஓரமாகக் கிடத்திவிட்டு, அவன் கிடந்த இடத்தில் நாயகன் சட்டை கசங்காமல் படுத்தார். மேக்கப்காரர் டூப்பின் தாடையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, அவனுக்கு எங்கெங்கே ரத்தமோ அங்கெல்லாம் நாயகனுக்குச் சாயம் தடவினார்.

குஷியில் இருந்த இயக்குநர் தேசப்பனின் முதுகில் தட்டிக் கொடுத்தார். நீர் அடிக்கிற வரைக்கும் உம்முடைய ஆட்கள் ஏன் ஐயா மரம் மாதிரி நின்றார்கள் என்று கேட்டார்.

தேசப்பன் ஓரமாகக் கிடந்தவனைப் பார்த்தார். குப்பத்திலேயே முதன்முதலாகப் பி.ஏ. பாஸ் செய்தவன். பட்டணத்தில் ஆபீஸ் உத்தியோகம் என்றுதான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தான்.

"எங்க ஊர்ல ஒருத்தன ஊரே கூடி அடிக்கறதுன்னா, மொத அடி பெத்தவன் போடணும் சார்" என்றார்.