எவனோ பெத்த புள்ள

“எவனோ பெத்த புள்ளைக்கு எங்கண்ணன் நெலமா? எப்படி லா முடியும்?”

கருமாதி வடை காளிதாசன் வாயில் பாதி அரைபட்டுக் கிடந்தது. பேசப் பேசத் துணுக்குகள் தெறித்தன. எதிரே உட்கார்ந்திருந்த கோயில் தலைவர் நடராஜா, தன் இலையைச் சற்று இழுத்துக்கொண்டார். அவர் ஜித்ராவிலிருந்து லூனாஸுக்குக் குடிவந்து அதிக காலம் ஆகவில்லை.

காளிதாசனின் செத்துப்போன அண்ணன் பரஞ்சோதிக்குத் திகாம் பத்து ஊரில் கொஞ்சம் செம்பனை நிலம் இருந்தது. மனைவி முன்பே இறந்துவிட்டாள். கொள்ளி வைத்த வளர்ப்பு மகன் யோகேந்திரன், மொட்டைத் தலையோடு பந்திக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தான்.

“சாமி முன்னாடி மடியில வாங்கின புள்ளைன்னு ஊரே சொல்லுதே, காளி?”

“அதெல்லாம் நம்ம பழக்கம், தலைவரே. சட்டத்துல செல்லாது. தத்து எடுத்தத ரிஜிஸ்டர் பண்ணல. லோயர்கிட்ட கேட்டுட்டேன். வாரிசு இல்லாதவன் நெலம் கூடப் பொறந்தவனுக்குத்தான்.”

“உங்கண்ணன் டயாலிசிஸ்ல கெடந்தப்ப தூக்கிக்கிட்டு அலைஞ்சவன் அவன். நீ எட்டிப் பாத்தியா?”

“அதுக்கு வேணும்னா கூலி குடுத்துடறேன்.” காளிதாசன் விரலை நக்கினான். “இந்த வாரமே வீட்டக் காலி பண்ணச் சொல்லுங்க.”

பக்கத்தில் காளிதாசனின் மனைவி பிரேமாவதி இலையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். யோகேந்திரன் குனிந்தபோது அவன் கையைப் பிடித்தாள்.

“நீ சாப்டியாப்பா?”

“அப்புறம் சாப்டறேன், சித்தி.” கண்ணைப் பார்க்காமல் அடுத்த இலைக்கு நகர்ந்தான்.

நடராஜா குரலை உயர்த்தினார். “சரி, சட்டத்த விடு. இவனப் பெத்தவங்களக் கூட்டிட்டு வா. ‘பரஞ்சோதிக்கு மகனாத்தான் குடுத்தோம்’னு அவங்க இந்தச் சபையில சொல்லட்டும். அதுக்கப்புறமும் உனக்கு உறுத்தலன்னா நான் பேசல.”

“அவங்கள எங்க போய்த் தேடறது?” காளிதாசன் பாயசத்தைச் சத்தமாக உறிஞ்சினான்.

பிரேமாவதி எழுந்து நின்றாள்.

“தேட வேணாம், தலைவரே. இந்த மனுசனும் நானுந்தான்.”