அம்மா வாயைத் திறந்திருந்தபோது

"நல்லாத் திறம்மா. இன்னும் கொஞ்சம்."

ரொண்டா திறந்தாள். லேசி வளைந்த கருவியைத் தாயின் கீழ்ப்பற்களுக்குப் பின்னால் நுழைத்து, படிந்திருந்த காரையைச் சுரண்டினாள். உதட்டோரம் தொங்கிய குழாய் எச்சிலை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

கல்லூரிக் கிளினிக்கில் எல்லா நாற்காலிகளிலும் ஆள் இருந்தது. பல் சுத்தம் செய்யப் படிக்கிறவர்கள் பழகிப் பார்ப்பதற்கு நோயாளியைத் தாங்களேதான் பிடித்து வர வேண்டும். மற்றவர்கள் அத்தை, சித்தப்பா, சர்ச்சில் பார்த்தவர் என்று கெஞ்சி அலைவார்கள். லேசிக்கு அந்தக் கவலை இருந்ததில்லை. இரண்டு வருடமாகக் கூப்பிட்டபோதெல்லாம் ரொண்டா வந்து படுத்தாள்.

"இதுக்கு மேல சுரண்டினா பல்லே இருக்காது, ஈறுதான் இருக்கும்" என்று சற்று முன்புகூடப் பக்கத்து நாற்காலிக்காரியைச் சிரிக்கவைத்தாள்.

லேசிக்குச் சிரிப்பு வரவில்லை.

முந்தின நாள் அவள் நகரத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தாள். பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகுமுன் ஒரு பட்டம் முடிக்க வேண்டும். அதற்கு உயிரியல் எடுப்பதா, வேதியியல் எடுப்பதா என்று கேட்கத்தான் போனாள். படித்த இரண்டு வருடத்தைக் கழித்துவிட்டால் இன்னும் இரண்டு வருடம் என்று பஸ்ஸிலேயே கணக்குப் போட்டாயிற்று.

ஆலோசகர் அம்மாள் மதிப்பெண்களைப் பார்த்தார். எல்லாமே 'ஏ'.

"நல்லாப் படிச்சிருக்கே கண்ணு. ஆனா இங்க ஒண்ணும் செல்லாதே. நீ படிச்ச கெமிஸ்ட்ரி வேற, டென்டல் காலேஜ்ல கேக்குற கெமிஸ்ட்ரி வேற."

"அப்ப நான் எதை எடுக்கட்டும்?"

"எதை வேணா எடு. சிலை செதுக்குற படிப்பைக்கூட எடு, கையாவது பழகும். ஆனா முதல் வருஷத்துலேருந்து."

மாநிலத்தின் உதவித்தொகை பள்ளியிலிருந்து நேராக வருகிறவர்களுக்கு மட்டும்தான். லேசி அந்தக் கட்டத்தைத் தாண்டி வந்துவிட்டாள். உதவித்தொகை இல்லாமல் நாலு வருடம் என்பது அவர்கள் வீட்டில் பேச்சுக்குக்கூட எடுக்க முடியாதது.

அவள் திரும்பி வந்ததும் ரொண்டா கட்டிப்பிடித்துக்கொண்டாள். "விடு. கடவுள் உனக்கு இங்கேயே ஏதாவது வெச்சிருப்பாரு" என்றாள். பீன்ஸும் சோளரொட்டியும் செய்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைத்தாள். அண்ணன் டிராவிஸ் ஒஹையோவுக்குப் போனதிலிருந்து அந்த மேஜையில் இரண்டு தட்டுதான். அவன் கிறிஸ்துமஸுக்கு மட்டும் போன் செய்வான்.

லேசி அம்மாவைக் குறை சொல்லவில்லை. அவள் பள்ளி முடிக்கிற வருடம் பல் டாக்டர் ஹேகரைப் பார்த்துவிட்டு, கன்னம் மரத்துப்போய்க் குழறிக்கொண்டே வந்து அம்மா சொன்னது இவ்வளவுதான்: "டாக்டரே சொல்லிட்டாரு. முதல்ல இங்க இந்த ரெண்டு வருஷப் படிப்பு. அப்புறம் அங்கேருந்து டாக்டருக்குப் படிக்கலாமாம். ஏணி மாதிரி."

டாக்டரே தப்பாகச் சொன்னால் அம்மா என்ன செய்வாள், பாவம்.

கிளினிக்கில் வழக்கமாக மேற்பார்வைக்கு வரும் டாக்டரம்மா அன்று லீவு. அவருக்குப் பதிலாக ஹேகரே வந்திருந்தார். ஒவ்வொரு நாற்காலியாக நின்று பார்த்துக்கொண்டு வந்தார். இரவெல்லாம் லேசி மனசுக்குள் திட்டித் தீர்த்த மனிதர்.

"என்ன லேசி, உங்கம்மா பல்லைப் பாக்கவா, உன் மூஞ்சியைப் பாக்கவா? மூஞ்சிதான் ரொம்பச் சொத்தையா இருக்கு."

கருவியை எடுக்காமலே அவள் சொன்னாள். "நீங்க சொன்ன ஏணி ஒடஞ்சுபோச்சு டாக்டர்."

"எந்த ஏணி?"

அவள் சொன்னாள். பல்கலைக்கழகம், செல்லாத கெமிஸ்ட்ரி, முதல் வருஷம், போன உதவித்தொகை, எல்லாவற்றையும்.

ஹேகர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினார்.

"நானா சொன்னேன்? நல்ல கதையா இருக்கே. உங்கம்மாவுக்குக் கடைவாய்ல பல் கட்டின அன்னிக்கு, பொண்ணு டாக்டராகணும்னா இந்த ரெண்டு வருஷப் படிப்புப் பக்கமே அனுப்பாதீங்க, அது வேற ரோடு, உதவித்தொகை இருக்கும்போதே நேரா யுனிவர்சிட்டியில சேர்த்துடுங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். நீதான் கேக்க மாட்டேங்குறதாவும், வீட்டை விட்டுப் போக மாட்டேன்னு அழுவுறதாவும் அவங்க சொன்னாங்க."

அவர் குனிந்து நாற்காலியைப் பார்த்தார். "என்ன ரொண்டா, சொன்னேனா இல்லையா?"

ரொண்டாவின் வாய் நிறையப் பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியும் குழாயும் மகளின் விரல்களும் இருந்தன.

"பாவம், அவங்களால பேச முடியலை" என்று ஹேகர் சிரித்துவிட்டு அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தார்.

லேசி விளக்கைச் சற்று இழுத்துச் சரிசெய்தாள்.

அம்மாவின் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. நாக்கு கண்ணாடியைத் தள்ளிப் பார்த்தது. தொண்டைக்குள்ளிருந்து ஏதோ ஒரு சத்தம், லேசியின் பெயராகக்கூட இருக்கலாம். கண்ணீர் ஒரு கோடாக இறங்கிக் காதுக்குள் போயிற்று.

ரொண்டா இடது கையைத் தூக்கினாள். நிறுத்து என்பதற்கு நோயாளிகள் காட்டும் சைகை அது.

லேசி அந்தக் கையைப் பிடித்து மெதுவாக நாற்காலியின் கைப்பிடிமேல் திரும்ப வைத்தாள்.

"வாயை மூடாதம்மா. மேல்வரிசை பாக்கி இருக்கு."

மேல்வரிசையை அவள் முதலிலேயே முடித்திருந்தாள்.