தண்ணீர்ப் பக்கம்

ஒக்டோபர் வெயில் புல்லின் நுனியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஈஸ்ட் ஹாமிலிருந்து ரயிலில் வந்து, இந்த நீண்ட கடலோரப் பாதையை ஞாயிறுகளில் துண்டு துண்டாக நடக்கிறோம், நானும் இவரும். இடது பக்கம் மேய்ச்சல் நிலம், வலது பக்கம் கடல். வழமைபோலக் கடற்பக்கம் இவர். சண்டைக் காலத்தில் கிளாலிக் கடலைப் படகில் தாண்டியபோது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. "தண்ணிப்பக்கம் நான் இருக்கிறன், நீர் உள்ளுக்கு வாரும்" என்றார். அன்றிலிருந்து எந்தத் தண்ணீரின் ஓரத்திலும் இப்படித்தான். பார்க்கில் வாத்துக் குளத்தைச் சுற்றும்போதுகூட. வாத்து என்ன செய்யும் என்று கேட்டும் பார்த்துவிட்டேன். காய்ந்த நாணல் சரசரக்கிறது. இவருடைய முதுகுப்பைக்குள் பிளாஸ்கும் கோப்பைகளும் உரசும் சத்தம் இன்று சீராக இல்லை. வைகாசியில் வந்த பக்கவாதத்துக்குப் பிறகு வலது கால் கொஞ்சம் இழுபடுகிறது. பாதையின் விளிம்பில், ஈரப் புல்லில், இரண்டாம் தரமும் தடுமாறுகிறார். நான் நின்று, இவரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போகிறேன்.

"நீங்கள் உள்ளுக்கு வாங்கோ."

"எனக்கு ஒண்டுமில்லை, தவமலர்."

"ஓம், தெரியும். வாங்கோ."

கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பிறகு வருகிறார். குளிர்ந்த கையை என் கைக்குள் கோத்துக்கொள்கிறேன். முப்பது வருடமாக இவருடைய தோளுக்கு அப்பால் துண்டாகத் தெரிந்த கடல், மறைப்பில்லாமல் என் பக்கத்தில் கிடக்கிறது. இவ்வளவு பெரிய கடலையா இந்த மனுசன் இத்தனை காலம் மறைத்துக்கொண்டு நடந்தார்?