பதறாத சிப்பாய்கள்

"ஒரு வருஷம் குடுங்க. அதுக்கப்புறம் என்ன வேணா சொல்லிக்கோங்க."

"முடியாது சார்."

"சரி, ஆறு மாசம். பரீட்சை முடியட்டும்."

"போன வருஷமும் இதேதான் சொன்னீங்க."

"மூணு மாசம்! இதுக்கு மேல இறங்க மாட்டேன்."

ஆஸ்பத்திரி ஆலோசகரம்மா பேனாவைக் கீழே வைத்தார். எதிரே உட்கார்ந்திருந்த பழைய இரும்பு வியாபாரிக்கு எல்லாமே பேரம்தான். உடைந்த கப்பலைக் காட்டினாலும் பாதிக்குப் பாதி கேட்கிற ஆள். ஆனால் மகளுக்குப் பிறவியிலிருந்தே எச்ஐவி இருக்கிற சங்கதியை அவளிடம் சொல்ல மட்டும் நாலு வருஷமாக வாய் வரவில்லை. பதின்மூன்று வயசாகிவிட்டது. இன்னமும் அவளுக்கு அது வைட்டமின் மாத்திரை.

"மெதுவாப் பேசுங்க சார். பொண்ணு வெளியில உட்கார்ந்திருக்கா."

"மெதுவாத்தானே பேசுறேன்!"

மேஜைமேல் இருந்த தம்ளர் அதிர்ந்தது.

"இங்க பாருங்க. மாத்திரை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒன்பது வருஷம் உங்க பொண்ணு உடம்பு தானாவே கிருமியைச் சமாளிச்சிருக்கு. ரொம்பக் கொஞ்சம் பிள்ளைங்களுக்குத்தான் இப்படி. எப்படின்னு தெரிஞ்சா மத்த பிள்ளைங்களுக்கு உதவும். அதான் டாக்டர் ஆராய்ச்சிக்கு ரத்தம் கேட்கிறார்."

"எடுத்துக்கோங்க. பத்தலைன்னா என் கையிலயும் குத்துங்க."

"உங்க கையெழுத்து மட்டும் போதாது. அவளும் சம்மதிக்கணும். எதுக்குன்னு தெரியாம எப்படிச் சம்மதிப்பா?"

"வைட்டமின் ஆராய்ச்சின்னு சொல்லுங்க."

ஆலோசகரம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அடக்கிக்கொண்டு, பிள்ளைகளுக்குக் கதை சொல்ல வைத்திருக்கும் பட அட்டைகளை எடுத்துப் பரப்பினார்.

"இவன் திருடன். அதாவது கிருமி. இவங்க சிப்பாய்ங்க, உடம்போட எதிர்ப்புச் சக்தி. வழக்கமா திருடனைப் பார்த்ததும் சிப்பாய்ங்க வெறி பிடிச்ச மாதிரி சண்டை போடுவாங்க. போட்டுப் போட்டு அவங்களே ஓய்ஞ்சு போவாங்க. உங்க பொண்ணு உடம்புல சிப்பாய்ங்க பதறல. திருடன் உள்ளே இருக்கான்னு தெரிஞ்சும் நிதானமா இருந்திருக்காங்க. அதனாலதான் உங்க பொண்ணு தாக்குப் பிடிச்சிருக்கான்னு டாக்டர் நினைக்கிறார்."

"கத்தாம என்னம்மா காவல்?" என்றார் வியாபாரி. சிப்பாய் அட்டையை விரலால் தொட்டார். "அந்த நிதானம் என் ரத்தம் இல்ல. அவ அம்மா ரத்தம்."

பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சரி, சொல்லிடுங்க. ஆனா ஒண்ணு. எப்படி வந்துச்சுன்னு கேட்பா. சின்ன வயசுல ஏதோ ஊசியில வந்துச்சுன்னு சொல்லிடுங்க."

"பொய் சொல்ல மாட்டேன் சார்."

"பின்ன? உங்கப்பன் எங்கேயோ மேய்ஞ்சுட்டு வந்து உங்கம்மாவுக்குக் குடுத்தான், அவளைச் சாகடிச்சான், உனக்கும் குடுத்தான்னு சொல்லப்போறீங்களா?"

"கேட்டா உண்மையைத்தான் சொல்வேன்."

வியாபாரி எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. வெளியே போய்விட்டார்.

பெண்டாட்டியை மண்ணில் வைத்தாயிற்று. பெற்ற பிள்ளை மருந்தில் வாழ்கிறது. இப்பவும் தன் மானம்தான் பெரிசா இந்த மனுஷனுக்கு? ஆலோசகரம்மா மனசுக்குள் திட்டிக்கொண்டே மகளைக் கூப்பிட்டார்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வியாபாரி வராந்தாவை அளந்துகொண்டிருந்தார். வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொன்ன காவலாளியோடு சண்டை. தண்ணீர் வராத குழாயோடு சண்டை.

மகள் உட்கார்ந்தாள். அட்டைகளைப் பார்த்தாள். திருடனை நடுவில் வைத்து, சிப்பாய்களைச் சுற்றி அடுக்கினாள்.

"இந்தக் கதை எனக்குத் தெரியும் மேடம். ரெண்டு வருஷமா."

"யாரு சொன்னா?"

"அப்பாதான்."

"அப்பாவா?"

"மாத்திரை டப்பாவுல லேபிளை பிளேடு வச்சுச் சுரண்டுவார். வைட்டமின் டப்பாவை யாராவது சுரண்டுவாங்களா? மாத்திரை மேலயே எழுத்து இருக்கே. போன்ல போட்டுப் பார்த்தேன்." பிறகு சொன்னாள்: "அழுது முடிச்சாச்சு மேடம். அப்பவே."

ஆலோசகரம்மா தம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். "எப்படி வந்துச்சுன்னு..."

"அது மட்டும் தெரியாம இருந்துச்சு. இப்ப வராந்தாவுக்கே தெரியும். எங்கப்பா ரகசியம் பேசினா நாலு தெருவுக்குக் கேட்கும்."

படிவத்தை இரண்டு தடவை படித்தாள்.

"மூணு குழாய் ரத்தமா? ரெண்டு பத்தாதா?"

"அப்பனுக்குத் தப்பாத பிள்ளை!"

"சரி, மூணு. ஆனா இடது கையில. வலது கையில எழுதணும்."

கையெழுத்துப் போட்டாள். எழுந்தாள்.

"அப்பாகிட்ட என்ன சொல்லப்போறே?"

கதவைத் திறந்துகொண்டு போனாள். ஆலோசகரம்மாவும் பின்னாலேயே போனார்.

வியாபாரி சுவரைப் பார்த்து நின்றிருந்தார். மகள் பக்கத்தில் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை.

"எல்லாம்... சொல்லிட்டாங்களா?"

"சொல்லிட்டாங்கப்பா."

"எப்படி... எப்படி வந்துச்சுன்னு..."

நாலு தெருவுக்குக் கேட்கிற அந்தக் குரல், நாலடி தூரத்தில் நின்ற ஆலோசகரம்மாவுக்கே கேட்கவில்லை.

மகள் அவர் சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"சின்ன வயசுல ஏதோ ஊசியில வந்துச்சாம்ப்பா. அதுக்கு யார் என்ன பண்ண முடியும்? வாங்க, போகலாம்."

வியாபாரி திரும்பி, நம்ப முடியாமல் ஆலோசகரம்மாவைப் பார்த்தார்.

பொய் சொல்ல மாட்டேன் என்றவர், ஆமாம் என்று தலையாட்டினார்.